நீர்ப்பூதம் காக்கும் புதையல்: ஆற்றோரத் தேடல் நடையை அமைப்பது எப்படி?

ஆற்றங்கரையில் நடந்துகொண்டே துப்புகளைக் கண்டுபிடித்து, முடிவில் ஒரு புதையலை எடுக்கும்படியான விளையாட்டு நடை ஒன்றை நடத்த வேண்டும். அதற்கு ஒரு நீர்ப்பூதம் கருவாக இருக்க வேண்டும். எட்டு வயதுப் பிள்ளைகள் முதல் பெரியவர்கள் வரை கலந்து வருவார்கள். எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

பூதத்திலிருந்து தொடங்குங்கள். வரைபடத்தையோ புதையல் பெட்டியையோ முதலில் எடுத்துக்கொள்பவர்கள், கடைசியில் பூதத்தை அழைப்பிதழின் மூலையில் ஒட்டும் படமாக்கிவிடுகிறார்கள். துப்புகள் எந்தப் பூங்காவுக்கும் பொருந்தும் துப்புகளாக அமைந்துவிடும். ஆறு பாட்டுக்கு ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருக்கும். அப்படி நடத்துவதற்கு ஆற்றங்கரை வரை போகவே தேவையில்லை.

நீர்ப்பூதக் கதைகள் பலவும் ஒரு வேலையை முன்னிட்டே சொல்லப்பட்டவை. பிள்ளைகளை நீர் விளிம்பிலிருந்து தள்ளி நிறுத்துவதுதான் அந்த வேலை. இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியில் 'ஜென்னி கிரீன்டீத்' என்று ஒரு பச்சைப்பல் கிழவி உண்டு. குளத்தின் மேற்பரப்பை மூடிவிடும் சின்னஞ்சிறு மிதவைச் செடிக்கும் அங்கே அதே பெயர்தான். காரணம் வெளிப்படை. அந்தச் செடி படர்ந்த நீர் தரையைப் போலவே தெரியும். காலை வைத்த பிள்ளை உள்ளே போய்விடும். மேலே பச்சை மீண்டும் மூடிக்கொள்ளும். அதே நாட்டின் வடகிழக்கில் டீஸ் ஆற்றில் 'பெக் பவ்லர்' என்பவள் இருக்கிறாள். ஆற்றில் மிதந்து வரும் நுரையை அவளுடைய சோப்பு நுரை என்று சொல்வார்கள். நுரை திரண்டு வந்தால் மேலே எங்கோ வெள்ளம் புறப்பட்டுவிட்டது, கரையேறு என்று பொருள். ஸ்காட்லாந்தின் கெல்பி அழகான குதிரையாக வந்து கரையில் நிற்கும். தொட்ட கை ஒட்டிக்கொள்ளும். ஏறியவர்களோடு நீருக்குள் பாயும். கரையோரத்தில் கவர்ச்சியாக எதைக் கண்டாலும் கிட்டே போகாதே என்பதற்கு இதைவிட நல்ல கதை கிடைக்காது. ஜப்பானில் ஆழமான குளங்களின் ஓரத்தில் வைக்கும் எச்சரிக்கைப் பலகைகளில் இன்றும் 'கப்பா' என்ற நீர்ப்பூதத்தின் படத்தை வரைகிறார்கள்.

ஆக, ஒவ்வொரு பூதமும் ஒரு குறிப்பிட்ட ஆபத்துக்கு முகமும் பெயரும் கொடுத்ததுதான். உங்கள் நடைக்கும் இதுவே வழி. முதலில் உங்கள் ஆற்றை நன்றாகப் பாருங்கள். அதன் மிகக் கெட்ட பழக்கம் எது? திடீரென்று நீர் ஏறுகிறதா, கரை உள்ளே அரித்துக் குடைந்திருக்கிறதா, மேலே அமைதியாகத் தெரிந்து அடியில் இழுக்கிறதா, வழுக்கும் பாறையா? அந்தப் பழக்கத்தையே பூதத்தின் குணமாக்குங்கள். பிறகு நடை முழுவதற்குமான ஒரே சட்டத்தை எழுதுங்கள்: நீர் பூதத்துக்கு, நிலம் தேடுபவர்களுக்கு. எந்தத் துப்பும் நீரில் இல்லை, நீர் விளிம்பில் இல்லை, பாறை இடுக்கில் கைவிட்டு எடுக்க வேண்டிய இடத்தில் இல்லை. எல்லாம் பாதையின் நிலப்பக்கத்திலேயே இருக்கும். இதைத் தொடக்கத்திலேயே கதையாகச் சொல்லிவிட்டால் "அங்கே போகாதே, இங்கே போகாதே" என்று இரண்டு மணி நேரம் தொண்டை கிழியக் கத்த வேண்டியதில்லை.

பூதத்தை இரவல் வாங்குவதா, புதிதாகப் படைப்பதா என்பது அடுத்த கேள்வி. இரண்டும் சரிதான். இரவல் வாங்குவதானால், தெளிவான சட்டதிட்டங்கள் உள்ள பூதமாகத் தேர்ந்தெடுங்கள். ஸ்காட்லாந்தின் லாக் நெஸ் ஏரியில் இருப்பதாகச் சொல்லப்படும் பூதம், செல்லப்பெயர் 'நெஸ்ஸி', உலகப் புகழ்பெற்றது. ஆனால் இந்த வேலைக்கு உதவாது என்பது என் கருத்து. அது எதையும் செய்வதில்லை, எதையும் கேட்பதில்லை. தலையைக் காட்டிவிட்டு மறைகிறது, அவ்வளவுதான். தேடுபவர்களுக்கு அதனிடம் பேரம் பேச ஒன்றுமில்லை. இத்தனைக்கும் அதன் மிகப் பழைய கதை நடப்பது ஏரியில் அல்ல, நெஸ் ஆற்றில். புனித கொலம்பா என்ற கிறித்தவத் துறவியின் வாழ்க்கையை ஏழாம் நூற்றாண்டின் இறுதியையொட்டி எழுதிய அடோம்னான், ஆற்றில் நீந்திய ஒருவரை நோக்கி ஒரு விலங்கு பாய்ந்து வந்ததையும், துறவியின் கட்டளைக்கு அது பின்வாங்கியதையும் சொல்கிறார். ஏரியில் பூதம் இருக்கிறது என்ற பரபரப்பு 1933இல் கிளம்பியது. 1934இல் வெளிவந்து உலகம் முழுவதும் பரவிய நீண்ட கழுத்துப் புகைப்படம் ஒரு விளையாட்டு நீர்மூழ்கிக் கப்பலின் மேல் பொருத்திய பொம்மைத் தலை என்பது 1994இல் அம்பலமானது. நெஸ்ஸிதான் வேண்டும் என்று பிள்ளைகள் அடம்பிடித்தால் நடையின் வகையையே மாற்றிவிடுங்கள். வழியில் கிடைக்கும் சாட்சியங்களில் எது மெய், எது போலி என்று பிரித்தறியும் துப்பறியும் நடையாக அதை ஆக்கலாம். போலியைச் சரியாக ஒதுக்கியவர்களுக்கே அடுத்த இடம் தெரியவரும்.

சட்டம் உள்ள பூதத்துக்குச் சிறந்த எடுத்துக்காட்டு கப்பாதான். சிறுவன் அளவு உருவம். தலையில் கிண்ணம் போன்ற பள்ளம், அதில் நீர். அந்த நீர் இருக்கும்வரைதான் அதற்கு வலிமை. ஆனால் மகா மரியாதைக்காரப் பிராணி. நாம் குனிந்து வணங்கினால் அதுவும் பதிலுக்குக் குனியும், நீர் கொட்டிவிடும், பலம் போய்விடும். வெள்ளரிக்காய் என்றால் உயிர். ஜப்பானின் இவாத்தே மாநிலத்தில் உள்ள தோனோ என்ற ஊரில், ஜோகென்ஜி கோயிலுக்குப் பின்னால் ஓடும் ஓடையில் 'கப்பா மடு' என்றே ஓர் இடம் இருக்கிறது. அங்கே தூண்டிலில் வெள்ளரிக்காயைக் கட்டிவிட்டுக் காத்திருக்கலாம். அதற்கு அந்த ஊர்ச் சுற்றுலாச் சங்கம் முறைப்படி பிடிப்பு உரிமச் சீட்டு வழங்குகிறது. சீட்டின் நிபந்தனைகள் அருமையானவை. கப்பாவைக் காயமில்லாமல் உயிரோடு பிடிக்க வேண்டும். தலைக் கிண்ணத்து நீர் சிந்தக் கூடாது. உலோகக் கருவிகள் கூடாது. இரை புதிய காய்கறியாக இருக்க வேண்டும். அந்த மடுவில் மட்டுமே பிடிக்கலாம். சிவந்த முகமும் பெரிய வாயும் உள்ள கப்பாவாக இருக்க வேண்டும். பிடித்துவிட்டால் சங்கத்தின் ஒப்புதல் பெற வேண்டும். முகம் சிவந்திருக்க வேண்டும் என்பதற்கும் ஆதாரம் உண்டு: மற்ற ஊர்க் கப்பாக்களின் முகம் பச்சை, தோனோவில் சிவப்பு என்று நாட்டாரியல் அறிஞர் யானகிதா குனியோ 1910இல் வெளியிட்ட நாட்டார் கதைத் தொகுப்பிலேயே இருக்கிறது.

இந்த உரிமச் சீட்டை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், உங்கள் நடைக்குத் தேவையான கருவி இதுவே. விளையாட்டு விதிமுறைகள் என்று தலைப்பிட்டு ஒரு தாளைக் கொடுத்தால் ஒருவரும் படிக்க மாட்டார்கள். 'பூதத்தின் எல்லைக்குள் நடமாட உரிமம்' என்று முத்திரை குத்தி, பெயர் எழுதி, கையெழுத்து வாங்கிக் கொடுங்கள். பிள்ளைகள் வரிக்கு வரி படிப்பார்கள், பெற்றோருக்கும் படித்துக் காட்டுவார்கள். ஓடக் கூடாது, கிளை ஒடிக்கக் கூடாது, குழுவை விட்டுப் பிரியக் கூடாது, குப்பை போடக் கூடாது என்பதையெல்லாம் பூதத்தின் நிபந்தனைகளாக எழுதிவிடலாம்.

மற்றச் சில பூதங்கள் வேறு வகையில் பயன்படும். செக் நாட்டுக் கதைகளில் வரும் வோட்னிக் என்ற நீர்மனிதன், மூழ்கியவர்களின் ஆன்மாக்களை மூடியுள்ள கிண்ணங்களில் அடைத்து வைத்திருப்பான். மூடியைத் திறந்தால் ஆன்மா விடுதலை பெறும். கரைக்கு வரும்போது மனிதனைப் போலவே உடுத்தியிருப்பான், ஆனால் கோட்டின் நுனியிலிருந்து நீர் சொட்டிக்கொண்டே இருக்கும். வழிநெடுக மூடிய கிண்ணங்கள், ஒவ்வொன்றிலும் ஓர் எழுத்து, எழுத்துகளைச் சேர்த்தால் விடுவிக்க வேண்டியவரின் பெயர் என்று ஒரு நடை இதிலிருந்தே பிறந்துவிடும். ஆனால் மூழ்கி இறந்தவர்களின் கதை என்பதால், அண்மையில் அப்படி ஓர் இழப்பைச் சந்தித்த ஆற்றங்கரையில் இதைத் தொடாதீர்கள்.

இங்கிலாந்தின் வேர் ஆற்றைச் சேர்ந்த லாம்ப்டன் புழுவின் கதையில் ஆறே ஆயுதமாகிறது. மீன்பிடிக்கப் போன இளைஞன் தூண்டிலில் சிக்கிய விசித்திரப் பிராணியைக் கிணற்றில் எறிந்துவிட்டுப் போகிறான். அது குன்றைச் சுற்றி வளைக்கும் அளவுக்கு வளர்கிறது. வெட்டினால் துண்டுகள் மீண்டும் ஒட்டிக்கொள்கின்றன. கடைசியில் கத்திமுனைகள் பதித்த கவசத்தை அணிந்து ஆற்றின் நடுவில் நின்று போரிடுகிறான். வெட்டுண்ட துண்டுகளை நீரோட்டம் அடித்துக்கொண்டு போய்விட, ஒட்ட முடியாமல் புழு சாகிறது. எந்தத் துப்பும் தனியாக இருக்கும்போது செத்தது, சரியான வரிசையில் சேர்த்தால் உயிர்பெறுவது என்ற அமைப்புக்கு இது நல்ல கரு.

நமக்கு மிக நெருக்கமானது மகரம். கங்கைக்கும் வருணனுக்கும் வாகனம்; காமனுக்குக் கொடி. சிற்பிகள் அதை முதலைத் தாடை, யானைத் துதிக்கை, மீன் உடல், விரிந்த தோகை வால் என்று பல உயிர்களைக் கோத்துச் செய்தார்கள். பிள்ளைகள் அதிகம் வரும் நடைக்கு இதைத்தான் நான் முதலில் சொல்வேன். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஓர் உறுப்பின் அட்டைத் துண்டு கிடைக்கும். எந்த விலங்கின் உறுப்பு என்று கண்டுபிடித்துத் துண்டுகளை ஒட்டினால் மகரம் முழுமையாகும். பின்பக்கத்தைத் திருப்பினால் புதையல் இருக்கும் இடத்தின் வரைபடம். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தடுமாறும் பிள்ளைக்கும் இதில் முழுப் பங்கு உண்டு.

புதிதாகப் படைப்பதானால் சட்டங்கள் மூன்றுக்கு மேல் வேண்டாம். எடுத்துக்காட்டாக, ஆற்றின் ஆழமான மடுவில் வாழும் 'மடுவன்' என்று ஒருவனை வைத்துக்கொள்வோம். தனியாக வருபவரின் குரல் அவனுக்குக் கேட்காது. ஆகவே எப்போதும் குழுவாகத்தான் நடக்க வேண்டும். நீரைத் தொட்டது எல்லாம் அவனுக்குச் சொந்தம். குழுவில் ஒருவர் கால் நனைத்தாலும், அப்பாவாகவே இருந்தாலும், சேர்த்துவைத்த எழுத்துகளில் ஒன்றை அவனிடம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். மூன்றாவது, நீர் மேலே ஏறிய நாளில் அவன் பசியோடு இருப்பான். அன்று யாரும் அவன் எல்லைக்குள் போவதில்லை. மூன்றும் பாதுகாப்பு விதிகளே. ஆனால் யாரும் அவற்றை அப்படி உணர மாட்டார்கள். கால் நனைத்த அப்பாவைப் பிள்ளைகளே பிடித்துக் கொடுத்துவிடுவார்கள்.

பாதை அமைப்பதில் முதல் சிக்கல், ஆறு நேராகப் போய்க்கொண்டே இருக்கும் என்பதுதான். போன வழியிலேயே திரும்புவதென்றால் பாதி நடை சலிப்பு. ஒரு பாலத்தில் தொடங்கி ஒரு கரையில் போய், அடுத்த பாலத்தில் கடந்து, மறுகரையில் திரும்பி வரும் வட்டமே சிறந்தது. பிள்ளைகளோடு மொத்தம் 2 முதல் 3 கிலோமீட்டர் போதும். சாதாரணமாக முக்கால் மணி நேரத்தில் முடியும் தூரம் இது. துப்பு தேடும்போது இரண்டு மணி நேரம் இழுத்துவிடும். போகும்போது நீரோட்டத்துக்கு எதிராகப் போகும்படி வையுங்கள். தடயங்கள் மேலிருந்துதானே மிதந்து வரும். தேடுபவர் அவற்றின் மூலத்தை நோக்கிப் போவதில் ஒரு விறுவிறுப்பு இருக்கிறது. இடக்கரை, வலக்கரை என்ற சொற்களைத் துப்பில் பயன்படுத்தினால், நீர் ஓடும் திசையைப் பார்த்து நிற்கும்போதுதான் அந்தக் கணக்கு என்பதைத் தொடக்கத்தில் சொல்லிவிடுங்கள். எதிர்நீர்த் திசையில் நடக்கும்போது இடம் வலமாகிவிடும். இதைச் சொல்லாமல் விட்டால் பாதிக் குழு மறுகரையில் தேடிக்கொண்டிருக்கும். பெரியவர்களுக்கான புதிராக இதையே வேண்டுமென்று வைக்கவும் செய்யலாம்.

ஆறு வளையும் இடத்தில் வெளிப்புறக் கரையை நீர் மோதி அரிக்கும். அங்கே ஆழமும் வேகமும் அதிகம், புல் மூடிய விளிம்புக்கு அடியில் மண் இல்லாமலும் இருக்கும். உட்புறக் கரையில் மணல் படிந்து ஆழம் குறைவாக இருக்கும். கூட்டம் நின்று யோசிக்கும் நிறுத்தங்களை உட்புறத்தில் வையுங்கள். வெளிப்புற வளைவில் நிறுத்தாமல் நடந்து கடக்கச் சொல்லுங்கள். 'மடுவன் தூங்கும் இடம், பேசாமல் கடக்கவும்' என்று ஒரு பலகை வைத்தால் போதும். தடுப்பணைக்கு அருகே நிறுத்தமே வேண்டாம். அங்கே இரைச்சலில் குரல் கேட்காது. கீழே விழும் நீர் திரும்பிச் சுழன்று உள்ளேயே இழுத்துவைத்துக்கொள்ளும்.

துப்புகளுக்கு வருவோம். இங்கே மட்டும் கொஞ்சம் நேரம் செலவிடுங்கள். நடையின் உயிர் இதில்தான் இருக்கிறது.

நீங்கள் கொண்டுபோய் வைக்கும் துப்பைவிட, அங்கேயே இருக்கும் பொருளைப் பார்த்து விடை காணும் துப்பு மேலானது. பாலத்தில் பொறித்த ஆண்டு, தூண்களின் எண்ணிக்கை, படித்துறையின் படிகள், கல்லில் செதுக்கிய உருவம் ஆகியவற்றைக் காற்று அடித்துப் போகாது, குரங்கு தூக்கிப் போகாது, முன்னால் போன குழு எடுத்து மறைக்காது. அரைவட்ட வளைவுள்ள பழைய பாலமாக இருந்தால் உங்களுக்கு யோகம். நீர் அசையாத நேரத்தில் வளைவும் அதன் பிம்பமும் சேர்ந்து முழு வட்டமாகும். 'பூதத்துக்கு எத்தனை கண்கள்?' என்று கேளுங்கள். அந்தக் கண்கள் ஒரு குறிப்பிட்ட இடத்திலிருந்து மட்டுமே முழுமையாகத் தெரியும். அந்த இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் புதிர். காற்றடித்தால் பிம்பம் கலைந்துவிடும் என்பதால் இதற்கு ஒரு மாற்றுத் துப்பு கையில் இருக்கட்டும்.

நீர்மட்ட அளவுகோலை எண்களுக்கான துப்பாக வைக்காதீர்கள். காலையில் ஒரு விடை, மாலையில் ஒரு விடை வரும். படிகளை எண்ணச் சொல்லும்போதும் இதே தொல்லை உண்டு. கீழ்ப்படிகள் சில நீருக்குள் இருக்கலாம். யாராவது எட்டிப் பார்த்து எண்ணுவார்கள். மேலிருந்து கைப்பிடிச் சுவர் முடியும் வரை என்று எல்லை போட்டுக் கொடுங்கள்.

எந்தப் புதையல் நடையிலும் மோசமான தருணம், தவறான விடையோடு ஒரு குழு அரை கிலோமீட்டர் போய்விடுவது. விடை சரிதானா என்று அங்கேயே தெரிந்துகொள்ள ஒரு வழி வேண்டும். தமிழில் அதற்கு அந்தாதி இருக்கிறது. ஒரு விடை முடியும் எழுத்தில் அடுத்த விடை தொடங்கட்டும். பாலம், மதகு, குருவி, விழுது, துடுப்பு, புதையல் என்று ஒரு சங்கிலியைப் பாருங்கள். பாலம் என்று கண்டுபிடித்தவர்களுக்கு அடுத்தது 'ம' என்ற எழுத்தில் தொடங்க வேண்டும் என்று தெரியும். மதகு என்றால் அடுத்தது 'கு'. தவறான விடை சங்கிலியில் கோக்காது, தானாகவே அகப்பட்டுவிடும். உங்கள் கரையில் இருக்கும் பொருள்களை ஒரு தாளில் எழுதி, இப்படி ஒரு சங்கிலி அமைகிறதா என்று பாருங்கள். முதலில் அமையாததுபோல் இருக்கும். படகு, குடை, கல், மரம், மணல், பாறை, தூண் என்று பொருளைச் சுட்டும் வேறு சொற்களையும் போட்டுப் பார்த்தால் எங்காவது பிடி கிடைக்கும்.

துப்பின் வாசகத்தை விடுகதையாக வைத்தால் வாய்விட்டுப் படிக்க நன்றாக இருக்கும். பாலத்துக்கு: 'காலெல்லாம் தண்ணீரில், முதுகெல்லாம் ஊர்வலம், நின்ற இடம் விட்டு நகராதவன் யார்?' மதகுக்கு: 'வாயைத் திறந்தால் வயல் நிறையும், வாயை மூடினால் ஆறு நிறையும்.' ஆலமர விழுதுக்கு: 'மேலே பிறந்து கீழே வளர்ந்த பிள்ளை, முதுமையில் தாயைத் தாங்கும் பிள்ளை.' இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். நாலடி, எட்டடி என்று கவிதை எழுதி, எதுகைக்காகப் பொருளை வளைத்து, கடைசியில் எழுதியவருக்கு மட்டுமே புரியும் துப்புகளை நிறையப் பார்த்தாயிற்று. துப்பு எழுதுபவருக்குக் கைதட்டல் வேண்டியதில்லை, தேடுபவருக்குத்தான் வேண்டும்.

வயது கலந்த குழு என்பதால் ஒவ்வொரு நிறுத்தத்திலும் இரண்டு வேலைகள் இருக்கட்டும்: கண்ணால் கண்டுபிடிப்பது ஒன்று, கணக்கிட்டோ பொருத்தியோ தெரிந்துகொள்வது ஒன்று. தாழ்ந்த மட்டத்தில் இருக்கும் செதுக்கலைச் சிறுவர்களே முதலில் பார்ப்பார்கள். பொறித்த ஆண்டைக் கூட்டிக் கழிப்பது பெரியவர்களுக்கு. ஒருவருடைய பங்கு இல்லாமல் மற்றவருடையது நிறைவேறாதபடி வைத்தால், பெரியவர்கள் ஓரமாக நின்று கைபேசி பார்ப்பதும் நின்றுவிடும். நிறுத்தங்கள் 8 முதல் 10. ஒரு குழுவில் 4 அல்லது 5 பேர். குழுக்களைப் பத்து நிமிட இடைவெளியில் அனுப்புங்கள், இல்லையென்றால் பின்னால் வருபவர்கள் முன்னால் இருப்பவர்களின் முதுகைத்தான் பின்தொடர்வார்கள்.

ஜிபிஎஸ் பயன்படுத்தலாமா? பயன்படுத்தலாம், ஆனால் ஆற்றங்கரையில் அதை மட்டும் நம்பக் கூடாது. திறந்த வானத்தின் கீழ் கைபேசி ஜிபிஎஸ் ஏறத்தாழ 5 மீட்டர் ஆரத்துக்குள் இடத்தைக் காட்டும். அடர்ந்த மரங்களின் கீழும் உயர்ந்த கரைகளின் நடுவிலும் பிழை கூடும். பூங்காவில் 5 மீட்டர் தவறினால் அடுத்த புதரைத் தேடுவீர்கள். கரையில் 5 மீட்டர் தவறினால் ஆற்றுக்குள் தேடச் சொன்னதாகிவிடும். ஆகவே அதைக் கொண்டு நிறுத்தத்தின் அருகே மட்டும் வரவழையுங்கள். கடைசி அடிகளை 'பாதையின் நிலப்பக்கம், இரட்டை மரத்தின் அடியில்' என்று கண்ணுக்குத் தெரியும் அடையாளத்தால் சொல்லுங்கள். க்யூஆர் குறியீடு ஒட்டுவது எளிது, ஆனால் அலைபேசி இணைப்பு இல்லாத பள்ளத்தாக்கில் அது வெறும் கட்டம் போட்ட தாள்தான்.

புதையலைப் பற்றி. விலையுயர்ந்த எதுவும் தேவையில்லை என்பதற்கு இந்த விளையாட்டின் வரலாறே சான்று. இங்கிலாந்தின் டார்ட்மூர் சதுப்புநிலத்தில், எளிதில் எட்ட முடியாத கிரான்மியர் குளத்தருகே ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி 1854இல் ஒரு பாட்டிலை வைத்தார். அவ்வளவு தூரம் நடந்து வந்தவர்கள் தங்கள் முகவரிச் சீட்டை அதில் போட்டுவிட்டுப் போனார்கள். பெட்டி, பதிவேடு, ரப்பர் முத்திரை என்று அது இன்றுவரை வளர்ந்திருக்கிறது. 2000 மே மாதத் தொடக்கத்தில் அமெரிக்க அரசு ஜிபிஎஸ் சமிக்ஞையில் வேண்டுமென்றே சேர்த்துவந்த பிழையை நீக்கியது. உடனே, மே 3 அன்று, டேவ் உல்மர் என்பவர் ஆரிகன் மாநிலத்துக் காட்டோரத்தில் ஒரு வாளியைப் புதைத்துவிட்டு அதன் ஆயத்தொலைவுகளை இணையத்தில் வெளியிட்டார். மறைத்துவைத்த பெட்டியை ஜிபிஎஸ் கொண்டு தேடும் 'ஜியோகேச்சிங்' விளையாட்டு பிறந்தது அப்படித்தான். அந்த வாளியில் இருந்தவற்றுள் ஒரு டப்பா பீன்ஸும் ஒரு கவண்வில்லும் அடக்கம். ஆட்களை இழுப்பது பெட்டியில் உள்ள பொருள் அல்ல. நாமும் இங்கே வந்தோம் என்று பதிவது.

ஆகவே பெட்டியில் ஒரு பதிவேடும் பூதத்தின் முத்திரையும் கட்டாயம் இருக்கட்டும். தொடக்கத்தில் கொடுத்த உரிமச் சீட்டில் அந்த முத்திரையைக் குத்திக்கொண்டால் அதுவே பரிசு. கூடவே ஆளுக்கொரு சின்னப் பொருள், வழவழப்பான கூழாங்கல்லில் வரைந்த பூதத்தின் கண் போல, இருந்தால் சண்டை வராது. ஒரே ஒரு பெரிய பரிசு என்றால் கடைசி நூறு மீட்டரில் ஓட்டப்பந்தயம் நடக்கும். ஆற்றங்கரையில் அது வேண்டாத வினை. தின்பண்டம் வைக்காதீர்கள், உங்களுக்கு முன் எறும்பும் அணிலும் கண்டுபிடித்துவிடும். புதையல் என்பதால் புதைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. கரை மண்ணைத் தோண்டினால் அரிப்புக்கு வழிவிடுவோம். ஆமை முட்டைகளும் மீன்கொத்தியின் வளையும் அந்த மண்ணில்தான் இருக்கின்றன. மர வேரின் இடைவெளியில் தெரியும்படி, இலைகளால் மூடி வைத்தால் போதும். பாம்பு தங்கக்கூடிய பொந்து, கல் அடுக்கு வேண்டாம். கை நுழைக்காமல் கண்ணால் பார்த்து எடுக்கும் இடமாக இருக்கட்டும்.

நாள் குறித்தபின் கரையை நிர்வகிப்பவர் யாரோ, அவரிடம் அனுமதி வாங்குங்கள். அனுமதி கேட்கும்போதே மேலே அணையோ மதகோ இருந்தால் எப்போது நீர் திறக்கிறார்கள் என்பதையும் கேளுங்கள். உங்கள் இடத்தில் மழையே இல்லாமல் ஆறு ஏறுவது அப்படித்தான். மேல்நீர்ப் பகுதியில் முந்தைய நாள் பெய்த மழையும் அப்படித்தான் வந்து சேரும். வேகமாக ஓடும் நீர் 15 சென்டிமீட்டர் ஆழம் இருந்தாலே வளர்ந்தவரின் காலை வாரிவிடக்கூடும். துப்பாக வேண்டாம் என்று சொன்ன நீர்மட்ட அளவுகோல் இங்கேதான் பயன்படும். முன்கூட்டியே ஒரு கோட்டை முடிவு செய்து, அதற்கு மேல் நீர் வந்திருந்தால் 'மடுவன் பசித்திருக்கிறான்' என்று அறிவித்து நடையைத் தள்ளிவையுங்கள். முடிவு ஒரே ஒருவரின் கையில் இருக்க வேண்டும், அவரோடு யாரும் வாதாடக் கூடாது. நீர் கலங்குவது, திடீரென்று நுரையும் சருகும் மிதந்து வருவது, இரைச்சல் மாறுவது ஆகியவற்றைக் கண்டால் நடுவிலும் நிறுத்திவிட்டு மேட்டுக்கு ஏறிவிடுங்கள். பெக் பவ்லரின் நுரையைப் பற்றிப் பிள்ளைகளுக்கு முன்பே சொல்லியிருந்தால் முதலில் கவனிப்பவர்கள் அவர்களாகத்தான் இருப்பார்கள்.

மீட்புக் கயிறு ஒன்று, முதலுதவிப் பெட்டி ஒன்று, குழுவுக்கு ஒரு பெரியவர், கடைசியில் எல்லாரையும் எண்ணிக்கொண்டு வரும் ஒருவர். தேங்கிய நீரிலும் ஈர மண்ணிலும் எலிச் சிறுநீர் கலந்திருந்தால் எலிக்காய்ச்சல் தொற்ற வாய்ப்புண்டு. காலில் கீறல் உள்ளவர்கள் மூடிய காலணி அணியட்டும், முடிவில் சாப்பிடும் முன் அனைவரும் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும்.

நடைக்கு இரண்டு நாள் முன்னதாக, துப்புகளைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவரை அழைத்துப்போய் முழு வழியையும் நடக்க வையுங்கள். நீங்கள் பின்னால் வாயை மூடிக்கொண்டு போக வேண்டும். அவர் தயங்கும் இடத்தில் துப்பைத் திருத்துங்கள். அவர் நீரை நோக்கித் திரும்பும் இடம் ஏதாவது இருந்தால், எவ்வளவு அழகான துப்பாக இருந்தாலும் அதை எடுத்துவிடுங்கள். நடை முடிந்த அன்று மாலையே, பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, நீங்கள் வைத்த ஒவ்வொரு அட்டையையும் நூலையும் கிண்ணத்தையும் எண்ணித் திரும்ப எடுத்து வாருங்கள். பதிவேட்டை மட்டும் பத்திரப்படுத்துங்கள். அடுத்த முறை அதே பூதத்தோடு வேறு கரையில் நடத்தும்போது, பழைய பெயர்கள் உள்ள அதே பதிவேட்டைப் பெட்டியில் வைக்கலாம்.